"ரெண்டு டிஸ்க்கும் காணோம்": வீட்டு சர்வர் ஒன்றில் யூஎஸ்பி டிரைவ்கள் மறைந்த கதை

பின்னணி

திருச்சியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் மனைவி. மகன் வெளிநாட்டில். மகனும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்பதால் அந்த வீட்டு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் இருப்பது தஞ்சாவூரில். பெரும்பாலும் டெயில்ஸ்கேல் (தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் சேவை) வழியாக உள்ளே போய்ப் பார்ப்பேன், எப்போதாவது நேரில் போவேன்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (கையளவு லினக்ஸ் கணினி, இனி சுருக்கமாக 'பை'), அதில் 32 ஜிபி மெமரி கார்டு, இரண்டு யூஎஸ்பி போர்ட்டபிள் ஹார்டுடிஸ்க். 1 டிபி டிஸ்க்கில் குடும்பப் படங்கள். சாம்பா என்ற ஃபைல் பகிர்வு நிரல் வழியாக ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தோம், இருவருடைய போனிலிருந்தும் இரவில் படங்கள் தானாக அதில் வந்து சேரும். 2 டிபி டிஸ்க்கில் பழைய சினிமாப் படங்களும் கச்சேரிப் பதிவுகளும். அவற்றை ஜெல்லிஃபின் என்ற மீடியா நிரல் டிவிக்குக் கொண்டுபோகும். முதல் டிஸ்க் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இரண்டாவது பொங்கலுக்கு மகன் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அவனே எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) ஒரு வரி எழுதி இணைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அந்த வரியை நான் பார்க்கவே இல்லை. அது பின்னால் வருகிறது.

சனிக்கிழமை இரவு: முதல் தகவல்

எட்டரை மணிக்கு சார் அழைத்தார். "தம்பி, ரெண்டு டிஸ்க்கும் காணோம். போன வாரம் கரண்ட் போச்சில்ல, அதுல போயிருச்சு போல."

அழைப்பதற்கு முன்பு அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு கேபிளையும் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார். போர்ட்டை மாற்றியிருக்கிறார். பிறகு புது டிஸ்க்கைத் தன் விண்டோஸ் லேப்டாப்பில் செருகியிருக்கிறார். அங்கே, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது.

"நீங்க என்ன அமுக்கினீங்க சார்?"

"அது கேட்டதுமே பயந்துட்டேன். கேன்சல் போட்டேன்."

நல்லவேளை. அந்த டிஸ்க்கில் இருப்பது லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பு. விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் காலி என்று எடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்யச் சொல்வது அதன் வழக்கம். இதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது: ஃபார்மட் கேட்கும் அளவுக்காவது லேப்டாப் அந்த டிஸ்க்கைப் பார்த்திருக்கிறது. அப்படியென்றால் டிஸ்க் சாகவில்லை. இந்தக் குறிப்பின் எடை அன்று இரவே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அப்போது எடுத்த முடிவு ஒன்றுதான்: இனி யாரும் எதையும் கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம், பையை அணைத்துப் போடவும் வேண்டாம். ரீபூட் ஆனால் அந்த ஓட்டத்தின் பதிவுகள் பறிபோகலாம். நடந்தது என்ன என்பதற்கு அப்போது கையில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுகள்தான்.

உள்ளே போய்ப் பார்த்தது

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. 22 நாட்களாக ரீபூட்டே ஆகவில்லை. ஆக, போன வாரக் கரண்ட் கட்டில் பை அணையவில்லை, இன்வெர்ட்டர் தாங்கிவிட்டது. சாரின் ஊகம் அங்கேயே ஆட்டம் கண்டது.

டிஸ்க் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்தப் படியில் தெரியவில்லை என்று பார்ப்பது என் வழக்கம். யூஎஸ்பி சாதனமாகவாவது தெரிகிறதா என்பதை எல்எஸ்யூஎஸ்பி கட்டளை சொல்லும். டிஸ்க்காகத் தெரிகிறதா என்பதற்கு எல்எஸ்பிஎல்கே. அதற்கு மேலே, பார்ட்டிஷன் படிக்கப்படுகிறதா, ஃபோல்டரில் மவுன்ட் ஆகியிருக்கிறதா (அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க்கில் இருப்பது தெரியும்படி இணைந்திருக்கிறதா) என்பவை. வீட்டில் டிவி பார்ப்பவருக்கு இவை எல்லாமே ஒரே "காணோம்"தான். கோளாறோ ஒவ்வொரு படியிலும் வேறு.

இங்கே எல்எஸ்யூஎஸ்பி ஒருமுறை போட்டால் ஒரு டிஸ்க் தெரிந்தது. பத்து விநாடி கழித்துப் போட்டால் அதுவும் இல்லை. எல்எஸ்பிஎல்கேயில் மெமரி கார்டு மட்டுமே. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் பதிவில் ஒரே புலம்பல்: சாதனம் வந்தது, விவரம் கேட்டேன், பதில் இல்லை, பிழை 110, சாதனம் போய்விட்டது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் கர்னல் புது எண் கொடுக்கும். அந்த எண் நாற்பதைத் தாண்டியிருந்தது. சார் கழற்றி மாட்டியது எல்லாவற்றையும் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டுதான் வரும். மீதி, டிஸ்க்குகள் தாமாகவே விழுந்து எழுந்தவை.

முதல் முறை விழுந்தது எப்போது என்று பின்னோக்கித் தேடினேன். ஒன்பது நாட்களுக்கு முன், அதிகாலை 2.10. அந்த நேரத்தில்தான் ஜெல்லிஃபின் தன் நூலகத்தை ஒருமுறை அலசிப் பார்க்கும்படி வைத்திருந்தேன். அதே நேரத்தில் போன்களிலிருந்து படங்கள் வந்துகொண்டிருக்கும். அதாவது, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒரே சமயத்தில் சுழலத் தொடங்கிய நேரம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மெமரி கார்டு நூறு சதவீதம் நிறைந்திருந்தது. போன மாதம் பாதிகூட நிறையவில்லை.

தவறான முடிவு

இங்கே நான் சறுக்கினேன். சில யூஎஸ்பி டிஸ்க் பெட்டிகளில் இருக்கும் மாற்றிச் சிப், யூஏஎஸ் என்ற வேகமான முறையில் பேசும்போது லினக்ஸோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்ளும். பிழை 110 போன்றவை அதிலும் வரும். முன்பு வேறொரு வீட்டில் அதைப் பார்த்துச் சரிசெய்திருந்தேன். அந்த நினைப்பில், இரண்டு டிஸ்க்குகளுக்கும் யூஏஎஸ் வேண்டாம், பழைய முறையே போதும் என்ற விதிவிலக்கு (குவிர்க்) வரியை பூட் அமைப்பில் சேர்த்து ரீபூட் கொடுத்தேன். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சர்வர் திரும்பி வரவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. மகன் எழுதிய எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்ற சொல் இல்லை. அது இல்லாவிட்டால், அந்த டிஸ்க் இல்லாமல் பூட் ஆகக்கூடாது என்று சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) எடுத்துக்கொள்ளும். 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். அந்த நிலையில் நெட்வொர்க் கிடையாது. ராஸ்பெர்ரி பையில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கும் பூட்டப்பட்டிருப்பதால் கீபோர்டு மாட்டினாலும் சுலபமாக உள்ளே போக முடியாது. ஒரு வரியைப் படித்துப் பார்க்காத சோம்பலுக்கு விலை, மறுநாள் தஞ்சாவூரிலிருந்து பஸ்.

ஞாயிற்றுக்கிழமை: நேரில்

டிவி ஸ்டாண்டை முன்னால் இழுத்ததும் முதலில் காதில் விழுந்தது சத்தம். டிக்... கொஞ்சம் இடைவெளி... டிக். டிஸ்க் ஒன்றைக் கையில் எடுத்தால் அதிர்வு தொடங்குவது தெரிகிறது, ஒரு மூச்சு விடும் நேரம், அப்புறம் உள்ளே எதுவோ மடங்கி உட்கார்வதுபோல நின்றுவிடுகிறது. நீல விளக்கும் அதே தாளத்தில் எரிந்து அணைகிறது. ஹார்டுடிஸ்க் டிக் டிக் என்றால் உள்ளே படித்து எழுதும் தலை போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டு டிஸ்க்குகள், வேறு வேறு வயது, ஒரே நாளில், ஒரே தாளத்தில் சாவதென்றால் நம்பக் கஷ்டமாக இருந்தது.

கேபிள்களைத் தடவிக்கொண்டே போனபோது பையின் மின்கேபிளின் மறுமுனை கையில் வந்தது. நான் வாங்கிக் கொடுத்த கறுப்பு அடாப்டர் இல்லை. வெள்ளை போன் சார்ஜர்.

"இது எப்ப மாத்தினது?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. "அது கருகின வாசனை வந்துச்சுப்பா, மூணு வாரம் இருக்கும். இவருதான் சும்மா கிடக்கிற போன் சார்ஜரைப் போட்டாரு. நல்லாத்தானே ஓடுது?"

நல்லாத்தான் ஓடியது. அதனால்தான் சனிக்கிழமை அரை மணி நேரம் பேசியும் இந்தச் செய்தி வரவில்லை. நானும் கேட்கவில்லை. டிஸ்க் பற்றிக் கேட்டேன், அவர் டிஸ்க் பற்றிச் சொன்னார்.

சார்ஜரின் முதுகில் எறும்பு எழுத்தில் இருந்ததை போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தோம். முன்பக்கம் பெருமையாக 18 வாட். பின்பக்கம்: 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், 9 வோல்ட்டில் 2 ஆம்பியர். இந்த 18 வாட் என்பது 9 வோல்ட்டில் மட்டும். போன் சார்ஜரிடம் பேசி 9 வோல்ட் வாங்கிக்கொள்ளும். பை 4 அப்படிக் கேட்காது, 5 வோல்ட்டில் கிடைப்பதுதான் அதற்கு. ஆக 10 வாட். பழைய அடாப்டர் 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர், 15 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே.

சார்ஜரோடு வந்த கேபிளும் ஒரு குற்றவாளி. அதன் உறையில் அச்சிட்டிருந்தபடி மின்சாரம் போகும் கம்பியும் 28 கேஜ். அந்த அளவுச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் தடை. போகவும் வரவும் இரண்டு கம்பி, ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே மின்அழுத்தம் போதவில்லை என்று குறித்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றாகச் சோதித்தது

ஊகத்தின் மேல் ஊகம் வைத்து முந்தைய இரவு பட்டது போதும் என்று, இந்த முறை ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். முதலில் மெமரி கார்டைக் கழற்றி என் லினக்ஸ் லேப்டாப்பில் போட்டு, அந்த எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் சேர்த்தேன். டிஸ்க் எதுவும் இல்லாமல் பை பூட் ஆனது. பையின் பலகையில் வரிசையாக நிற்கும் ஊசிகளில் (பின்களில்) 5 வோல்ட் பின்னிலும் கிரவுண்டிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.82. (இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பின்கள். முனை வழுக்கினால் பை போய்விடும், காபி குடித்துவிட்டுச் செய்யும் வேலை இல்லை.) 1 டிபி டிஸ்க்கை மட்டும் செருகினேன்: சுழலத் தொடங்கும்போது 4.5க்கு இறங்கி மேலேறியது, டிஸ்க் தெரிந்தது, நின்றது. இரண்டாவதையும் செருகியதும் இரண்டுமே விழுந்தன. பையின் மின்நிலையைக் கேட்டபோது பதினாறடிமான எண்ணாக 50005 என்றது. இப்போதும் மின்அழுத்தம் குறைவு, முன்பும் குறைந்தது, அதனால் வேகத்தையும் குறைத்திருக்கிறேன் என்று அர்த்தம். சனிக்கிழமை இரவே ஒரு வரியில் கேட்டிருக்கலாம்.

சரி, டிஸ்க்குகள் உண்மையில் நலமா? என் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் செருகி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைப் படித்தேன். இரண்டிலும் மாற்றி ஒதுக்கிய செக்டர் பூஜ்யம், சந்தேகத்தில் நிற்கும் செக்டர் பூஜ்யம். ஆனால் 192ஆம் எண், அதாவது திடீரென்று மின்சாரம் போய் அவசரமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட எண்ணிக்கை, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத டிஸ்க்கிலும் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த டிக் டிக் என்னவென்று இப்போது தெரிந்தது.

இந்த இடத்தில் சார், "அப்ப வேற சார்ஜர் போட்டுடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த சோதனைக்கு முன்பு 1 டிபி டிஸ்க்கில் இருந்த படங்களை முழுதாக என் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்து தூங்கி எழுந்தும் நகல் முடியவில்லை. ஆனாலும் அதுதான் அன்றைய முக்கியமான வேலை. இத்தனை முறை விழுந்து எழுந்த டிஸ்க்கில் ஃபைல் அமைப்பைச் சரிபார்ப்பதுகூட நகல் எடுத்த பிறகுதான் செய்ய வேண்டியது. பிறகு மவுன்ட் இல்லாத நிலையில் அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன். பாதியில் நின்ற எழுத்துகளின் குறிப்பேடான ஜர்னலை மீட்டுக்கொண்டு, அநாதையாக நின்ற சில ஃபைல் குறிப்புகளை (இனோடுகளை) ஒதுக்கிவிட்டு முடிந்தது.

மறைந்திருந்த படங்கள்

மெமரி கார்டு ஏன் நிறைந்தது என்ற கேள்வி மீதி இருந்தது. டிஸ்க் விழுந்ததும் சிஸ்டம்டி அதன் மவுன்ட்டைக் கழற்றிவிட்டது. மவுன்ட் போனாலும் ஃபோல்டர் போகாது, வெறும் ஃபோல்டராக மெமரி கார்டிலேயே இருக்கும். சாம்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்பது இரவுகள் போன்கள் அனுப்பிய படங்களையும் வீடியோக்களையும் அது அந்த வெறும் ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டிருந்தது. கார்டு நிறைந்து போனில் பிழை வந்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள்.

இதில் உள்ள ஆபத்தை நான் சற்று நின்று சொல்ல வேண்டும். டிஸ்க்கைச் சரிசெய்து மீண்டும் மவுன்ட் செய்த மறுகணம் அந்த ஒன்பது நாள் படங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டு டிஸ்க்கின் ஃபோல்டருக்கு அடியில் கிடக்கும். யாராவது கார்டு நிறைந்துவிட்டதே என்று புதிதாக இன்ஸ்டால் செய்தால் கதை முடிந்தது. போனிலோ, அனுப்பியவுடன் அழித்துவிடும்படி அமைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளில்தான் பேத்தியின் காதுகுத்து நடந்திருக்கிறது.

கார்டில் உள்ள ரூட் ஃபைல் அமைப்பை வேறொரு ஃபோல்டரில் இன்னொரு முறை காட்டச் செய்தால் (பைண்ட் மவுன்ட்) அடியில் இருப்பது தெரியும். அப்படி எடுத்ததில் 14 ஜிபி வந்தது. காதுகுத்து முழுதாக இருந்தது, கடைசி நாள் வீடியோ ஒன்று மட்டும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதன் மூலப்படம் அனுப்பி முடிக்காததால் போனிலேயே இருந்தது.

மின்சாரத்துக்கான தீர்வு

புது அடாப்டர் மட்டும் போட்டால் போதாதா என்று மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு, பொங்கலிலிருந்து அப்படித்தான் ஓடியது. ஆனால் பை 4 தன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பது 1.2 ஆம்பியர்தான். இந்த மாதிரி சின்ன டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து விழித்தால் எந்த அடாப்டர் போட்டாலும் விளிம்பில்தான் நிற்கிறோம். இதுவரை தப்பித்தது அதிர்ஷ்டம்.

அதனால் 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரோடு, தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்கினோம். முதலில் வந்த ஹப்பை நான் திருப்பி அனுப்பச் சொன்னேன். பையின் அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் பையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹப் தன் மின்சாரத்தை டேட்டா கேபிள் வழியே பின்பக்கமாக பைக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம். அது வேண்டாத வம்பு. இரண்டாவது ஹப்பில் விளக்கு உடனே அணைந்தது.

வியாழக்கிழமை எல்லாம் மாட்டினார் சார், நான் போனில். இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன. ஜெல்லிஃபினைத் திறந்தால் கச்சேரிகள் இருக்க வேண்டிய இடத்தில் குடும்பப் படங்கள். மகனின் வரியில் இருந்த இன்னொரு கோளாறு அது: டிஸ்க்கை எஸ்டிஏ1 என்று பெயர் சொல்லி எழுதியிருந்தான். அந்தப் பெயர் டிஸ்க்குக்குச் சொந்தமில்லை, முதலில் கண்ணில் படுவதற்குக் கொடுப்பது. ஹப் வந்ததும் வரிசை மாறியது, 1 டிபி டிஸ்க்கே இரண்டு இடத்தில் மவுன்ட் ஆகிவிட்டது. அந்த வரியை யூயூஐடிக்கு (டிஸ்க்கின் ஃபைல் அமைப்புக்கே உரிய மாறாத அடையாள எண்) மாற்றியதும் சரியானது. யூஏஎஸ் குவிர்க்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. அது ஆரம்பத்திலிருந்தே தேவைப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து

மின்நிலை எண் அன்றிலிருந்து பூஜ்யம். 192ஆம் எண் இரண்டு டிஸ்க்கிலும் நகரவில்லை. மவுன்ட் இல்லாத நேரத்தில் அந்த இரண்டு ஃபோல்டர்களிலும் யாரும் எழுத முடியாதபடி சாட்டர் கட்டளையால் பூட்டியிருக்கிறேன். டிஸ்க் விழுந்தால் சாம்பா இனி அமைதியாக கார்டில் எழுதாது, அன்று இரவே போனில் பிழை வரும். கால் மணிக்கு ஒருமுறை மவுன்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எனக்கு டெலிகிராமில் செய்தி அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட். போன் ஆப்பில் அனுப்பியதும் அழிக்கும் அமைப்பை நிறுத்தினோம், 30 நாள் கழித்து அழித்தால் போதும்.

இதே அழைப்பு மறுபடி வந்தால் நான் முதலில் கேட்பது டிஸ்க்கைப் பற்றி இருக்காது. கடந்த ஒரு மாதத்தில் அந்த மேஜையில் எதை மாற்றினீர்கள், பிளக், கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உட்பட என்று கேட்பேன், அதையும் வீட்டில் இருக்கும் இரண்டு பேரிடமும் கேட்பேன். தூரத்திலிருந்து ரீபூட் கொடுக்கும் முன் எஃப்எஸ்டேப்பைத் திறந்து படிப்பேன்.

படங்களுக்கு மூன்றாவது நகலாக ஒரு டிஸ்க் பீரோவில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு எடுத்துச் செருகி நகல் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு மாதம் நடந்தது. மூன்றாவது மாதம் சாரும் மறந்தார், நானும் நினைவூட்டவில்லை. வெள்ளைச் சார்ஜர் மறுபடி போனுக்கே போய்விட்டது, அதன் முதுகில் "பெட்டிக்கு அல்ல" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.